ராஜினாமா கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால்: ஊழியத்துக்குப் படிக்க நினைக்கிறவர்களுக்கு

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபைப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இருபத்தாறு வயசு, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. உட்காரக்கூட இல்லை, செல்போனை நீட்டி, "அங்கிள், இத கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்றான். ராஜினாமா கடிதம். கர்த்தர் ஊழியத்துக்கு அழைத்திருக்கிறார், ஆகையால் இம்மாதத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று மேனேஜருக்கு எழுதியிருந்தான்.

"எந்தக் காலேஜ்?"

"இன்னும் பாக்கல அங்கிள்."

"சபை ஐயர்கிட்ட சொன்னியா?"

"இனிமேதான்."

"அம்மாகிட்ட?"

பதில் இல்லை. என் வீட்டுக்காரி காபியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வருஷத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள்.

முதலில் என்னைப் பற்றி. நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) பிறந்தவன், அப்பா சுரங்கத்தில் வேலை செய்தார். நான் ரயில்வேயில் பி-வே பிரிவில் முப்பத்துநாலு வருஷம் தண்டவாளம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது வீடு லிங்கராஜபுரம். வேலையில் இருந்தபடியே தபால் வழியும் வாரக் குழு வழியுமாக பதினோரு வருஷம் இறையியல் படித்தேன். இன்றைக்கு சபை வெஸ்ட்ரியில் (கோயிலை ஒட்டிய அறை) சனிக்கிழமைதோறும் ஒரு படிப்புக் குழுவை நடத்துகிறேன். ஆயர் (சபைப் போதகர்) ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்வேன். கத்தோலிக்கக் குருமடப் பயிற்சி முழுக்க வேறு வழி, அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

என்ன ஆகப்போகிறாய்?

"ஊழியம்" என்று ஒரே சொல்லில் நாம் ஏழெட்டு வேலைகளைக் கட்டி வைத்திருக்கிறோம். குருப்பட்டம் பெற்று ஆயராவது ஒன்று. ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு இருப்பது, ஞாயிறு பள்ளி, வாலிபர் வேலை, கல்லூரியில் இறையியல் கற்பிப்பது, மொழிபெயர்ப்பு எல்லாம் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் படிப்பும் வேறு. ஆஸ்பத்திரி வேலைக்கு ஆசைப்படுகிறவன் நாலு வருஷம் எபிரெயு இலக்கணத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், ஆயராக வேண்டும் என்றால் கல்லூரியில் ஆரம்பிக்கிறதே தப்பு. முதலில் உன் சபை ஆயருக்குத் தெரிய வேண்டும். பிறகு சேகரக் கமிட்டி (ஒரு ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளின் குழு), பிறகு பேராயம் (பேராயரின் கீழ் இருக்கிற மொத்த வட்டாரம்). பேராயம் தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் படித்து முடித்தபின் ஒரு சேகரம் கிடைக்கும். நேராகக் கல்லூரிக்குப் போய் பி.டி. (இறையியல் பட்டம்) வாங்கிக்கொண்டு, அதன்பிறகு எந்தப் பேராயமும் எடுத்துக்கொள்ளாமல் இங்கிலீஷ் டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவர்களை எனக்குத் தெரியும். நல்ல படிப்பாளிகள். வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். சி.எஸ்.ஐ.யில் பெண்களுக்குக் குருப்பட்டம் 1976-லேயே வந்துவிட்டது, 2013-இல் ஒரு பெண் பேராயரும் ஆனார். சட்டத்தில் தடை எதுவும் இல்லை. சேகரக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிற என் வயசுக்காரர்கள் சிலரின் முகச்சுளிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு போ, போகாமல் இருந்துவிடாதே.

தண்டவாளமும் ஸ்லீப்பரும்

வேலையை விடாமல் படிக்கிற முறை ஒன்று இருக்கிறது. விரிவாக்க இறையியல் கல்வி என்பார்கள். 1963-இல் கௌதமாலா நாட்டில் ஒரு பிரஸ்பிட்டேரியன் செமினரியில் ஆரம்பித்தது. கிராமத்துச் சபைகளை உண்மையில் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் குடும்பஸ்தர்கள். நிலத்தையும் பிள்ளைகளையும் விட்டு நகரத்துக்குப் படிக்க வர அவர்களால் முடியாது. சரி, பள்ளியே அவர்களிடம் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். நம் நாட்டில் டாஃப்டீ என்று சுருக்கமாகச் சொல்லும் அமைப்பு 1971-இல் தொடங்கியது. தலைமையகம் நம்ம பெங்களூரு. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பாடங்கள் உண்டு.

இதை விளக்குகிறவர்கள் இரண்டு கம்பிகளை வைத்து விளக்குவார்கள். ஒரு கம்பி வீட்டில் தனியாகப் படிப்பது. இன்னொரு கம்பி சபையில் கையால் செய்கிற வேலை. இரண்டையும் இணைப்பது வாராந்தரக் கூட்டம். இதை வேலிக் கம்பியும் நடுகம்பமும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். என் காதில் அது தண்டவாளமாகத்தான் விழுந்தது. நம் அகலப் பாதையில் இரண்டு கம்பிக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். அந்த அளவைப் பிடித்து வைத்திருப்பது ஸ்லீப்பர். மெயின் லைனில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் போடுவோம். நாலைந்து ஸ்லீப்பர் வரிசையாகக் கெட்டுப்போனால் கம்பி புதுசாகப் பளபளவென்று இருந்தாலும் கேஜ், அதாவது அந்த இடைவெளி, விரிந்துவிடும், வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். வீட்டில் கட்டுக்கட்டாகப் படிக்கிறவன் வாரக் கூட்டத்துக்கு வராவிட்டால் இதேதான். யூடியூபில் மூவாயிரம் பிரசங்கம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து "அண்ணே, அது எந்த வசனத்துல இருக்கு?" என்று கேட்க ஆள் இல்லாததால் கேஜ் விரிந்து போனவர்கள்.

செய்முறை இதுதான். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். பாடப்புத்தகத்தில் கேள்வி இருக்கும், கீழே விடை இருக்கும். விடையை ஒரு அட்டையால் மூடிவிட்டு முதலில் நீ எழுது, பிறகு அட்டையை இறக்கு. பென்சிலில் எழுது. பேனாவில் எழுதுகிறவன் தப்பை ஒத்துக்கொள்ள யோசிப்பான், அனுபவத்தில் சொல்கிறேன். நேரம் எது என்பது அவரவர் பாடு. எங்கள் குழுவில் ஒருவர் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் வண்டியில் தினமும் வந்து போகிறவர். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு தங்கவயலில் நிறையப் பேர் அந்த வண்டியைப் பிடித்துத்தான் சாப்பிடுகிறார்கள். பங்காருப்பேட்டையில் உட்கார இடம் கிடைத்தால் பாடம், கிடைக்காவிட்டால் மனப்பாட வசனம். அவர் புத்தகத்தில் கடலைத் தோல் ஒட்டியிருக்கும். குழுவிலேயே ஒழுங்காகப் படித்து வருகிறவர் அவர்தான்.

வாரக் கூட்டம் இரண்டு மணி நேரம். நடத்துகிறவன் பிரசங்கம் செய்யக்கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

ஒரு சனிக்கிழமை

எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு சாம்பிள். நெகேமியா மூன்றாம் அதிகாரம். எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டினவர்களின் கதை; யாரும் பிரசங்கத்துக்கு எடுக்காத அதிகாரம், முழுக்கப் பெயர்ப்பட்டியல். இன்னார் இந்த வாசலைக் கட்டினார், அவர் பக்கத்தில் இன்னார், அவர் பக்கத்தில் இன்னார். பேப்பரில் ஐந்து கட்டம் போடச் சொன்னேன்: வசனம், யார், என்ன தொழில், எந்த இடம், உனக்கு உறுத்துவது என்ன.

எனக்கு அது எங்கள் கேங் மஸ்டர் ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவேடு) மாதிரியே இருக்கும். யார் வந்தான், யார் எந்த மைலில் நின்றான், யார் வராமல் கையெழுத்துப் போட்டான். முதல் வசனத்திலேயே பிரதான ஆசாரியன் எலியாசிப் மற்ற ஆசாரியர்களோடு எழுந்து ஆட்டுவாசலைக் கட்டுகிறான். எட்டாம் வசனத்தில் தட்டான் ஒருத்தன், தைலக்காரன் ஒருத்தன். மென்மையான வேலை செய்த கைகள், கல் தூக்குகின்றன. ஐந்தாம் வசனத்தில் தெக்கோவா ஊர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய பெரிய மனுஷர்கள் மட்டும் கழுத்துக் கொடுக்கவில்லை என்று பெயரைக் கெடுத்து எழுதிவைத்திருக்கிறது. எங்கள் குழுவில் தையல் வேலை செய்கிற ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இருபத்தேழாம் வசனம் பாருங்க. அதே தெக்கோவாக்காரங்க இன்னொரு பங்கும் கட்டியிருக்காங்க." எத்தனையோ தடவை படித்த அதிகாரம். எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. முதலாளிகள் ஒதுங்கிய ஊரின் ஜனங்கள் இரண்டு பங்கு செய்திருக்கிறார்கள். அவரே விடாமல், "பன்னெண்டுல சல்லூமோட பொண்ணுங்களும் இருக்காங்க" என்றார். வெஸ்ட்ரியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஐந்தாவது கட்டத்துக்காகத்தான் மற்ற நாலு கட்டமும்.

விளக்கவுரைப் புத்தகத்தைக் கடைசியில் எடு. முதலில் எடுத்தால் உன் கண் வேலை செய்யாது. முதல் வருஷத்துக்கு ஒரு வேதாகமம், திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு கன்கார்டன்ஸ் (எந்தச் சொல் எந்த வசனத்தில் என்று காட்டுகிற அகராதி), ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் எம்.ஜி. ரோட்டிலேயே இருக்கிறது, நேரில் போய்ப் பிரித்துப் பார்த்து வாங்கலாம்.

கல்லூரிக்கே போகிறேன் என்றால்

தாராளமாகப் போ. ஆனால் பட்டத்தை யார் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போ.

செராம்பூர் பல்கலைக்கழகத்தின் செனட் (பட்டம் தருகிற அமைப்பு) பழையது. 1818-இல் வில்லியம் கேரியும் அவர் தோழர்களும் தொடங்கிய கல்லூரி. 1827-இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையை எழுதிக்கொடுத்தார். கல்கத்தா பக்கத்து செராம்பூர் அப்போது நம் தரங்கம்பாடி போலவே டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். இரண்டையும் 1845-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1918-இல் வங்காளச் சட்டசபை தனிச் சட்டமே போட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதன்கீழ். பி.டி. படிப்பு, ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கினவர்களுக்குப் பெரும்பாலும் நாலு வருஷம். சாதாரண விசுவாசிகள் வெளியிலிருந்தே படிக்க கிறிஸ்தவக் கல்வி டிப்ளமோவும் பட்டமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஏ.டி.ஏ. (ஆசிய இறையியல் சங்கம்) என்பது வேறு: ஆசியாவில் உள்ள இறையியல் கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் தரம் பார்த்துக் கொடுக்கிற சான்று. கொத்தனூரில் இருக்கிற சயாக்ஸ் மாதிரி உயர்படிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. எது உயர்ந்தது என்று சண்டை போட வேண்டாம். உன்னை எடுத்துக்கொள்ளப்போகிற சபை எதை ஏற்கும் என்று முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. ஓட்டல் ஹால், கறுப்பு அங்கி, தொங்கல் வைத்த தொப்பி, ஒரே நாளில் "டாக்டர்". எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியின் வளையலை வைத்து வாங்கினார். ஒரு கல்லூரியை நம்பலாமா என்று பார்க்க மூன்று கேள்வி கேட்டால் போதும். பரீட்சைத் தாளை யார் திருத்துகிறார்கள்? லைப்ரரியைக் காட்ட முடியுமா? போன வருஷம் எத்தனை பேர் ஃபெயில்? மூன்றாவது கேள்விக்கு "யாருமே இல்ல பிரதர்" என்று சந்தோஷமாகச் சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு.

பாஷையும் முக்கியம். மில்லர்ஸ் ரோட்டில் இருக்கிற, 1910-இல் தொடங்கிய யு.டி.சி.யில் (ஐக்கிய இறையியல் கல்லூரி) பாடம் இங்கிலீஷில். பெரிய லைப்ரரி, பழைய சபை ஆவணங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அங்கே முதல்வராக இருந்த லார்சன் என்ற டேனிஷ்காரர்தான் பிற்பாடு தமிழ் வேதாகமத் திருத்த வேலைக்குத் தலைமை தாங்கினார். மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பி.டி.யைத் தமிழிலேயே படிக்கலாம். நம் பிள்ளைகள் பெங்களூரில் இங்கிலீஷ் மீடியம், தெருவில் கன்னடம், வீட்டில் மட்டும் தமிழ். இங்கிலீஷில் படித்துவிட்டு வந்து தமிழ் ஆராதனையில் நிற்கும்போது "ஜஸ்டிஃபிகேஷன்" என்று ஆரம்பித்து, "நீதிமானாக்கப்படுதல்" என்ற சொல் வாயில் வராமல் திணறுவார்கள். அந்தச் சொல் வந்தாலும் பத்தாது. முன்வரிசையில் இருக்கிற பாட்டிக்கு அதை வட்டிக்கடைக் கணக்கு ரத்தான மாதிரி விளக்கத் தெரிய வேண்டும். இங்கிலீஷில் படிக்கிறவன் வாரத்துக்கு ஒரு பாடக் குறிப்பைத் தமிழில் திருப்பி எழுதட்டும். வேறு குறுக்கு வழி தெரியவில்லை.

கிரேக்கத்துக்குப் பயப்படாதே. எழுத்து 24தான், நம் பாஷையை விடக் குறைச்சல். வேற்றுமை உருபு தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. லோகொஸ், லோகூ, லோகோ, லோகொன், லோகெ என்று மாறுகிறதே, அது வார்த்தை, வார்த்தையின், வார்த்தைக்கு, வார்த்தையை, வார்த்தையே என்பதுதான். இங்கிலீஷ் வழியாக மட்டும் படிக்கிறவன் இதை அட்டவணையாக நெட்டுருப் போடுகிறான். நமக்கு எட்டாம் வகுப்புத் தமிழய்யா பிரம்போடு சொல்லிக்கொடுத்துவிட்டார். இன்னொரு ருசி இருக்கிறது. கிரேக்கத்தில் நாமும் நாங்களும் ஒன்றேதான். மாற்கு நாலில் புயலில் சீஷர்கள் தூங்குகிறவரை எழுப்பும்போது, "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று நம் பைபிள் எழுதுகிறது. "நாம்" என்றால் அவரும் சேர்ந்து சாகிறார். "நாங்கள்" என்றால் அவருக்கு ஒன்றும் ஆகாது, எங்கள் பாடுதான் திண்டாட்டம் என்கிற கோபம் வந்துவிடுகிறது. மொழிபெயர்த்தவர் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டியிருந்தது. இதை வைத்து ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை போட்டோம். டீ ஆறிப்போனது.

துக்க வீட்டில்

நான் படித்ததிலேயே பெரிய பாடம் புத்தகத்தில் இல்லை. மூன்றாவது வருஷம், கிரேக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்த நேரம். மர்ஃபி டவுனில் ஒரு துக்க வீடு. ஆயர் வர முடியாமல் என்னை அனுப்பினார். உயிர்த்தெழுதலுக்கான கிரேக்கச் சொல்லை இரண்டாகப் பிரித்து, வேர் காட்டி, இருபது நிமிஷம் பேசினேன். முடித்துவிட்டு இறந்தவர் வீட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லா பேசினீங்க. அவர் பேர ஒரு தடவ சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகுதான் வெர்பேட்டிம் எழுதப் பழகினேன். ஆஸ்பத்திரி ஊழியப் பயிற்சியில், சி.பி.இ. என்பார்களே, அதில் இதைக் கட்டாயமாக எழுத வைப்பார்கள். ஒரு நோயாளியையோ துக்க வீட்டையோ பார்த்துவிட்டு வந்த அன்றே, பேசினதை நாடகம் மாதிரி வரிவரியாக எழுத வேண்டும். அவர் சொன்னது, நான் சொன்னது, நடுவில் இருந்த மௌனம் உட்பட. அழகுபடுத்தக் கூடாது. எழுதி முடித்ததும் வரியை எண்ணு. என் முதல் வெர்பேட்டிமில் நோயாளி மூன்று வரி, நான் பத்தொன்பது வரி. பேர், வார்டு நம்பர், வியாதி எதையும் எழுதாதே. குழுவில் வாசித்தபின் கிழித்துப் போடு. இது ரகசியம் காக்கிற வேலை. மாசத்துக்கு ஒன்று எழுதினால் போதும், ஒரு வருஷத்தில் பேச்சு தானாகக் குறையும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரிக் கட்டணம் பேராயம் தந்தாலும் வீட்டு வாடகையை யாரும் தரமாட்டார்கள். கல்யாணமானவன் எட்டு மாசச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியின் சம்மதத்தை வாயால் கேட்டு வாங்கிக்கொண்டு போகட்டும். "விசுவாசத்துல போறேன்" என்கிறவன் பெரும்பாலும் மாமனாரின் விசுவாசத்தில்தான் போகிறான்.

அந்தப் பையன் விஷயம். கடிதம் செல்போனிலேயே டிராஃப்டாக இருக்கிறது. ஒரு வருஷம் சனிக்கிழமைக் குழு, ஞாயிறு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் (யாரும் எடுக்க விரும்பாத வகுப்பு), மாசம் ஒரு ஆஸ்பத்திரி விசிட் என்று பேசிக்கொண்டோம். பிறகு ஆயரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அம்மாவிடம் அவன்தான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் செய்ய வேண்டிய ஒன்று, இப்போதே. ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் நாலையும் மேஜையில் பரப்பிப் பேரைப் பார். என்னுடையதில் ஞானஸ்நானப் பதிவேட்டில் "சாலொமோன்", பள்ளியில் "சாலமன்", ரயில்வேயில் அப்பா பெயர் முன்னால் வந்து வேறு ஆளே ஆகிவிட்டேன். பழைய பதிவேடு தங்கவயல் கோயிலில் இருந்தது. எழுத்தரைப் பிடிக்க மூன்று தடவை வண்டி ஏறினேன். விண்ணப்பக் கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இந்த வேலையை ஆரம்பிக்காதே. எங்கள் சபை ஆபீஸ் செவ்வாயும் வெள்ளியும் திறந்திருக்கும். பதினொரு மணிக்கு முன்னால் போனால் எழுத்தர் இருப்பார்.